6,000 கோடியும் 1 லட்சமும்: மன்னிக்கும்போது கணக்குல என்ன நடக்குது?

போன எபிசோட் கேட்டுட்டு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க, தேங்க்ஸ். அதுல ஒரு மெசேஜ்தான் இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம். விஷயம் கடன். கேள்விக்கு வர்றதுக்கு முன்னாடி, பரமண்டல ஜெபத்துல ஒரு வார்த்தையைப் பார்த்துடலாம்.

நம்ம பழைய மொழிபெயர்ப்பு பைபிள்ல மத்தேயு 6-ம் அதிகாரம். அந்த ஜெபத்துல மன்னிப்பு கேட்கிற இடத்துல 'பாவம்'ங்கிற வார்த்தை கிடையாது, 'கடன்'னுதான் இருக்கு. நமக்குத் தப்பு செஞ்சவங்களுக்கு அங்க பேரே கடனாளிகள். சண்டே கிளாஸ்ல ஒப்பிக்கும்போது எனக்கு எங்க தெரு வட்டிக்காரர் முகம்தான் ஞாபகம் வரும். ஆனா மொழிபெயர்த்தவங்க சரியாத்தான் பண்ணியிருக்காங்க. கிரேக்கத்துல இருக்கிறதும் கடன்ங்கிற சொல்தான். இயேசு பேசின அரமேயிக்ல கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவாங்க. நாம மன்னிப்புன்னா மனசு சம்பந்தப்பட்ட ஒரு ஃபீலிங்னு நினைக்கிறோம். வேதம் அதைப் பேசும்போது பாதி நேரம் கணக்கு நோட்டைத்தான் திறக்குது.

அந்த நோட்டு முழுசா திறக்கிற இடம் மத்தேயு 18. பேதுரு வந்து கேட்கிறார்: என் சகோதரன் எனக்கு விரோதமா குற்றம் செஞ்சா எத்தனை தடவை மன்னிக்கணும், ஏழு தடவையா? இயேசு 'ஏழெழுபது'ன்னு பதில் சொல்றார். நம்ம ஆளுங்க உடனே 490-ன்னு கணக்கு போட்டு ஒரு கவுன்ட்டர் வச்சுக்குவாங்க. ஆனா ஆதியாகமம் 4-ல லாமேக்குன்னு ஒருத்தன், எனக்காக எழுபத்தேழு மடங்கு பழின்னு பெருமையடிப்பான். அந்த எண்ணுக்குக் கிரேக்க ஆதியாகமத்துல இருக்கிற அதே சொற்கள்தான் மத்தேயு 18-லயும் இருக்கு. பழிவாங்கலுக்கு அவன் வச்ச நம்பரை இயேசு எடுத்து மன்னிப்புக்கு வச்சுட்டார்.

அடுத்து உவமை. ஒரு ராஜாவுக்கு ஒரு ஊழியக்காரன் 10,000 தாலந்து கடன். அந்த ஊழியக்காரனுக்கு இன்னொரு ஊழியக்காரன் 100 வெள்ளிப்பணம் கடன். ராஜா பெரிய கடனை மன்னிச்சு விட்டுடுறார். மன்னிப்பு வாங்கினவன் வெளிய வந்து சின்னக் கடன்காரனோட தொண்டையைப் பிடிக்கிறான்.

நமக்குத் 'தாலந்து'ன்னா சர்ச்ல நடக்கிற தாலந்துப் போட்டி, பாட்டு, ஒப்புவித்தல். ஆனா அது ஒரு எடை, வெள்ளியை நிறுக்கிற அளவு. அன்னைக்கு இருந்த பண அளவுலயே பெருசு. ஒரு தாலந்துன்னா ஏறக்குறைய 6,000 தெனாரியம், நம்ம பைபிள் வெள்ளிப்பணம்னு சொல்றது அந்தத் தெனாரியத்தைத்தான். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளோட ஒரு நாள் சம்பளம், மத்தேயு 20-ல திராட்சத்தோட்டத்து ஆட்களுக்குப் பேசின கூலி அதுதான். அப்போ ஒரே ஒரு தாலந்து சம்பாதிக்கவே ஒரு கூலியாளுக்கு 20 வருஷம் ஆகும். 10,000 தாலந்துன்னா 2 லட்சம் வருஷம்.

யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் ஒரு தகவல் தர்றார். ஏரோது அந்திப்பாவுக்குக் கலிலேயா, பெரேயா ரெண்டு பகுதியிலிருந்தும் சேர்த்து வருஷத்துக்கு வந்த வருமானமே 200 தாலந்துதான். இந்தக் கதையைக் கேட்டுட்டு இருந்த மீனவங்க எல்லாம் அந்தக் கலிலேயாக்காரங்க. அவங்க ஊரோட 50 வருஷ வரியை ஒரே ஆள் தரணும்னு சொன்னா, சிரிச்சிருப்பாங்கன்னு நினைக்கிறேன். கிரேக்கத்துல எண்ணுக்குன்னு இருந்த பெரிய சொல் பதினாயிரம், பணத்துல பெரிய அளவு தாலந்து. நம்ம கோட்ல வேரியபிளுக்கு மேக்ஸ் வேல்யூ போடுற மாதிரி ரெண்டையும் சேர்த்துப் போட்டிருக்கார்.

இதை நம்ம ரூபாய்க்கு மாத்திப் பார்ப்போம். வசதிக்கு ஒரு நாள் கூலி 1,000 ரூபாய்னு வச்சுக்குங்க. பெரிய கடன் 6,000 கோடி. சின்னக் கடன் 1 லட்சம்.

இந்த 1 லட்சத்துல கொஞ்சம் நிக்கணும். பிரசங்கத்துல எல்லாம் இதை 'அற்பக் காசு'ன்னு தாண்டிப் போயிடுவாங்க. அற்பம் கிடையாது. ஒரு கூலியாளோட மூணு நாலு மாச உழைப்பு. 6,000 கோடி பக்கத்துல வச்சாத்தான் சின்னது, தனியா வச்சா வலிக்கிற தொகை. இயேசு வேணும்னா அதை ரெண்டு காசுன்னு சொல்லியிருக்கலாம், சொல்லல. நமக்கு ஒருத்தர் செஞ்ச காயம் நிஜமானதுன்னு அவர் ஒத்துக்கிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறார்.

இன்னொன்னு. அந்த ஊழியக்காரன் மன்னிப்பே கேட்கல, டைம் கேட்டான். பொறுத்துக்கோங்க, எல்லாத்தையும் கட்டிடுறேன்னான். 2 லட்சம் வருஷம் ஆகிற கடனுக்கு மாரடோரியம்! ராஜா கொடுத்தது வேற, முழுத் தள்ளுபடி. தனக்கு என்ன கிடைச்சதுன்னு அவனுக்கு கடைசி வரைக்கும் புரியலையோன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இன்னும் கட்டணும்னு நினைச்சுட்டே வெளிய வந்ததாலதான், வசூலுக்குக் கிளம்பிட்டானோ என்னவோ.

தள்ளுபடின்னு சொன்னேன்ல, பேங்க்ல வேலை பார்க்கிற ஃப்ரெண்ட் இருந்தா இதைக் கேட்டுப் பாருங்க. 'ரைட்-ஆஃப்' வேற, தள்ளுபடி வேற. ரைட்-ஆஃப்ன்னா வாராக்கடனை பேங்க் தன்னோட கணக்குப் புத்தகத்துல இருந்து எடுத்துடும். ஆனா கடன் வாங்கினவர் பொறுப்பு அப்படியே இருக்கும், வசூல் முயற்சி நடந்துக்கிட்டே இருக்கும். தள்ளுபடின்னா கடனே கிடையாது. நம்மில் பல பேர் மனுஷங்களை மன்னிக்கிறது ரைட்-ஆஃப் டைப்தான். வெளிய கணக்கு க்ளோஸ். உள்ள வசூல் ஓடுது: ஃபேமிலி குரூப்ல ஒரு குத்தல், அவங்க போட்டோவுக்கு மட்டும் லைக் போடாம விடுறது.

நிஜமான தள்ளுபடியில ஒரு செலவு இருக்கு. 2021 பிப்ரவரியில தமிழ்நாட்டுல கூட்டுறவு வங்கிப் பயிர்க்கடன் 12,110 கோடியைத் தள்ளுபடின்னு அறிவிச்சாங்க. 16 லட்சத்துக்கும் மேல விவசாயிகள். அந்தப் பணம் காத்துல கரைஞ்சு போகல. விவசாயி கட்ட வேண்டாம்னா, கடன் கொடுத்த சங்கத்துக்கு அரசு கட்டணும். கடன் மறையறதே இல்ல, கை மாறும். உவமையில 6,000 கோடி நஷ்டத்தை ராஜாவே ஏத்துக்கிட்டார். பவுல் கொலோசெயர் 2-ல நமக்கு எதிரான கையெழுத்தை சிலுவையில ஆணியடிச்சார்னு எழுதுறாரே, அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு நம்ம ஊர் அர்த்தம் புரோநோட்டு. சிலுவையைப் பத்தி நான் கேட்ட எத்தனையோ விளக்கத்துல இந்தப் புரோநோட்டுதான் எனக்குச் சட்டுனு புரிஞ்சது.

இப்போ அந்த மெசேஜ். பேர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. 26 வயசு, ஐடி வேலை. நாலு வருஷம் முன்னாடி சித்தப்பா ஒரு கடை போடணும்னு 2 லட்சம் வாங்கியிருக்கார். முதல் வேலையில சேர்த்து வச்ச பணம். திரும்ப வரல. கேட்டா, 'மகளா நினைச்சேன், என்கிட்டயே கணக்கு பார்க்கிறியா'ங்கிறார். வீட்டு ஜெபத்தை நடத்துறதும் அவர்தான். அம்மா, பாட்டி, அத்தை எல்லாரும், 'மன்னிச்சு விட்டுடும்மா, இல்லன்னா ஆண்டவர் உன்னை மன்னிக்க மாட்டார்'னு இந்த உவமையையே எடுத்துக் காட்டுறாங்களாம். அவங்க கேள்வி: "அண்ணா, மன்னிச்சா பணத்தைக் கேட்கவே கூடாதா?"

தங்கச்சி, கேட்கலாம். நான் ஏன் இப்படிச் சொல்றேன்னா, இந்த உவமை இருக்கிற அதே மத்தேயு 18-ல, 15-ம் வசனத்துலயே இயேசு வழி சொல்லிட்டார். உன் சகோதரன் உனக்குத் தப்பு செஞ்சா, நீ போய் தனியா அவன்கிட்ட எடுத்துச் சொல்லு. கேட்கலையா, ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போ. அப்பவும் இல்லன்னா சபைக்குச் சொல்லு. மன்னிப்பைப் பத்தின பேச்சுக்கு முன்னாடி இது வருது. உவமைக்குள்ளயும் பாருங்க, தொண்டையைப் பிடிச்சதைப் பார்த்த மத்த ஊழியக்காரங்க துக்கப்பட்டு நேரா ராஜாகிட்ட போய்ச் சொல்லிட்டாங்க. குடும்ப மானம்னு மூடி மறைக்கல.

அப்புறம் தள்ளுபடியை யார் அறிவிக்கிறது? உவமையில நஷ்டப்பட்ட ராஜாவே அறிவிச்சார். உங்க வீட்டுல அத்தையும் பாட்டியும் உங்க அக்கவுன்ட்ல இருந்து அறிவிக்கிறாங்க. அடுத்தவங்க பணத்துல தாராளமா இருக்கிறது ரொம்ப சுலபம். அந்த 2 லட்சத்தை விட்டுடணும்னு நீங்களே ஒருநாள் ஜெபிச்சு முடிவு பண்ணா, அது மன்னிப்பு. வாயை மூடிட்டு இருன்னு சொல்லி வாங்கினா, அதுக்கு வேற பேர்.

ஒரு கஷ்டமான வசனத்தையும் சொல்லிடுறேன், இல்லன்னா கமெண்ட்ல யாராவது கேட்பீங்க. 1 கொரிந்தியர் 6-ல பவுல், கோர்ட்டுக்குப் போறதை விட நஷ்டத்தைச் சகிச்சுக்கக் கூடாதான்னு கேட்கிறார். ஆமா, கேட்கிறார். ஆனா அடுத்த வசனத்துலயே சகோதரனையே நஷ்டப்படுத்துறவங்களைத் திட்டுறார். அதுக்கு முன்னாடி, சகோதரங்களுக்கு நடுவுல நியாயம் தீர்க்க உங்கள்ல ஒரு விவேகி கூட இல்லையான்னும் கேட்கிறார். உங்க சபையில அப்படி ஒரு பெரியவர் இருந்தா, அவரைக் கூட்டிட்டுப் போறதுதான் என்னோட யோசனை. மாசம் 5,000-ன்னு ஒரு பேப்பர்ல எழுதி வாங்குங்க.

அப்போ மன்னிக்கிறதுக்கு என்ன மிச்சம் இருக்கு? அந்தத் தொண்டையைப் பிடிக்கிறது. கடன்காரனை ஜெயில்ல போட்டா அவன் சம்பாதிக்கவே முடியாது, பணம் எப்படி வரும்? வசூல் ஆகாதுன்னு தெரிஞ்சும் போட்டான்னா, அவனுக்கு வேண்டியது பணம் இல்ல, அவன் நாசமாகிறதைப் பார்க்கணும். அந்த ஆசையை விடுறதுதான் கஷ்டம். ராஜாவுக்கே கோபம் வந்து, கொடுத்த தள்ளுபடியைத் திரும்ப எடுக்கிறது அந்த ஆசையைப் பார்த்துத்தான். அந்த முடிவு எனக்குப் பயமாத்தான் இருக்கு, அதை மழுப்ப விரும்பல. ஆனா அந்தப் பயத்தை, பணத்தைக் கேட்கிற ஒரு பொண்ணு மேல வீசுறது நியாயமே இல்ல.

மறுபடி கடன் கொடுக்கணுமான்னும் கேட்டிருந்தீங்க. வேண்டாம். கடன் தள்ளுபடி ஆனவருக்கு சிபில் ஸ்கோர் அன்னைக்கே 800 ஆகிடாது. நம்பிக்கை தனிக் கணக்கு, அவர்தான் கொஞ்சம் கொஞ்சமா கட்டணும்.

சித்தப்பாக்கள் யாராவது இதைக் கேட்டுட்டு இருந்தா, லூக்கா 19 படிச்சுட்டு வாங்க. சகேயு வீட்டுக்கு இயேசு சாப்பிட வர்றார். யாரும் கேட்காமலே அந்த வரி வசூல்காரர் எழுந்து நின்னு, ஏமாத்தி வாங்கினதை நாலு மடங்கா திருப்பித் தர்றேன்னு சொல்றார். இயேசு, 'அதெல்லாம் எதுக்கு, நான்தான் மன்னிச்சுட்டேனே'ன்னு அவரைத் தடுக்கல. அந்த நாலு மடங்கு எங்கிருந்து வந்தது, யாத்திராகமத்துச் சட்டம் என்ன சொல்லுதுன்னு அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.