விடுபட்ட எண்களும் வீண் ஐயமும்

நடைமுறை மூலதனக் கடனைப் புதுப்பிக்க வந்த வாடிக்கையாளர் ஒருவர், கடன் பத்திரங்களோடு ஓர் அச்சுப் பட்டியலையும் என் மேசைமீது வைத்தார். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவிகளைப் பழுது பார்க்கும் சிறு நிறுவனம் அவருடையது. வரும் புகார்களைப் பதிவு செய்யும் மென்பொருள், ஒவ்வொரு புகாருக்கும் ஒரு வரிசை எண் வழங்குகிறது. பட்டியலில் 501 முதல் 540 வரை இருக்க வேண்டிய எண்களில் ஏழு இல்லை. பதிவுகளைக் கவனிக்கும் இளைஞர் புகார்களை அழித்துவிட்டார் என்று ஐயுற்று, அவரைப் பணியிலிருந்து நீக்கவும் எண்ணியிருந்தார்.

அவருடைய காசோலைப் புத்தகத்தையே நான் எடுத்துக்காட்டாகக் கூறினேன். ஓர் இலையில் தொகையைத் தவறாக எழுதிவிட்டால் அதனை ரத்து செய்கிறோம். அதன் எண்ணை வேறோர் இலைக்குத் தருவதில்லை. கணக்கு அறிக்கையில் அந்த எண் வராததால் பணம் களவு போயிற்று என்று பொருளாகாது. அந்த இலை என்னவாயிற்று என்பதற்கு விடை இருக்கிறதா என்பதே கேள்வி. புகார் எண்ணும் அத்தகையதே. அது ஒரு பதிவை அடையாளம் காட்டுவதற்கு உரியது. பதிவுகளை எண்ணிக் கணக்கிடுவதற்கு உரியதன்று.

எண்கள் ஏன் விடுபடுகின்றன?

முதற்காரணம், எண் வழங்கப்படும் முறை. ஒரே நேரத்தில் பலர் புகார்களைப் பதிவு செய்யும்போது, ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க இயலாது. ஆகவே தரவுத்தளம் கேட்டவுடன் எண்ணைக் கொடுத்துவிடுகிறது. இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டோ, கட்டாயமான விவரம் ஒன்று விடுபட்டோ பதிவு சேமிக்கப்படாமற்போனால், கொடுத்த எண் திரும்பப் பெறப்படுவதில்லை. அதற்குள் அடுத்த எண் வேறொருவர் கைக்குப் போயிருக்கும்.

இரண்டாவது, விரைவுக்காக எண்களை முன்கூட்டியே எடுத்து நினைவகத்தில் வைத்தல். ஆரக்கிள் தரவுத்தளத்தின் இயல்பான அமைப்பில் 20 எண்கள் இவ்வாறு எடுத்துவைக்கப்படும். மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் எதிர்பாராமல் நின்று மீண்டும் இயங்கும்போது, எண்கள் ஏறத்தாழ 1000 தாவுவதும் உண்டு.

மூன்றாவது, நீக்கமும் இடமாற்றமும். ஜிரா என்னும் மென்பொருளில் ஒரு பதிவை வேறு பிரிவுக்கு மாற்றினால், அது அப்பிரிவின் புதிய எண்ணைப் பெறும். பழைய எண் வேறொரு பதிவுக்குத் தரப்படாது. நான்காவது, பல பிரிவுகள் ஒரே வரிசையைப் பகிர்ந்துகொள்ளுதல். ரெட்மைன் மென்பொருளில் எல்லாப் பிரிவுகளுக்கும் எண்வரிசை ஒன்றே. ஒரு பிரிவின் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இடையிடையே எண்கள் இல்லாததுபோல் தோன்றும். பார்வை அனுமதி இல்லாத பதிவுகளும் அவ்வாறே மறைந்திருக்கும்.

ஆராயும் முறை

முதலில், முழு அனுமதியுள்ள நிர்வாகியின் கணக்கில் நுழைந்து, வடிகட்டிகளை நீக்கி, விடுபட்ட எண்ணை நேரடியாகத் தேடுங்கள். கிடைக்காவிட்டால், நீக்கப்பட்டவை, மாற்றப்பட்டவை பற்றிய செயற்பதிவேட்டைப் பாருங்கள். யார், எப்போது செய்தார் என்பது அதில் இருக்கக்கூடும். அடுத்து, விடுபட்ட எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள பதிவுகளின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்கள் கூட்டமாக விடுபட்டு, அந்நேரத்தில் கணினியும் நின்றிருந்தால், முன்கூட்டி எடுத்த எண்கள் வீணாகியிருக்கலாம்.

ஒற்றை எண்கள் அடிக்கடி விடுபட்டால் அலட்சியம் வேண்டாம். ஒவ்வொன்றும் சேமிக்கப்படாத ஒரு புகாராக, அதாவது பதில் கிடைக்காத ஒரு வாடிக்கையாளராக இருக்கக்கூடும். அந்நேரத்துத் தொலைபேசி அழைப்புகளையும் மின்னஞ்சல்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. வரிசையை நிரப்புவதற்காக எண்ணியைப் பின்னோக்கித் திருப்பாதீர்கள். பழைய எண் ஒருவருடைய குறுஞ்செய்தியிலோ கடிதத்திலோ இருக்கலாம். ஒரே எண்ணுக்கு இரண்டு புகார்கள் அமைந்தால் குழப்பமே மிஞ்சும்.

விலைப்பட்டியல் வேறு

ஜி.எஸ்.டி. விலைப்பட்டியலுக்கு இந்தத் தாராளம் பொருந்தாது. 2017ஆம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. விதிகளில் 46ஆம் விதி, 16 எழுத்துகளுக்கு மிகாத தொடர் வரிசை எண்ணைக் கோருகிறது; ஒரு நிதியாண்டில் அது மீண்டும் வரக்கூடாது. எனவே விலைப்பட்டியல் இறுதியாகும் தருணத்தில் எண் வழங்கும் மென்பொருளையே தேர்ந்தெடுங்கள். ரத்தான விலைப்பட்டியலை அழிக்காமல் ‘ரத்து’ எனக் குறித்து வையுங்கள். ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவத்தின் 13ஆம் அட்டவணை, தொடக்க எண், இறுதி எண் ஆகியவற்றோடு ரத்தானவற்றின் எண்ணிக்கையையும் கேட்கிறது.

சில நாள்களில் அந்த வாடிக்கையாளர் மீண்டும் வந்தார். ஏழில் மூன்று, இணைப்புத் துண்டிப்பால் சேமிக்கப்படாதவை. அம்மூவரையும் அவரே தொலைபேசியில் அழைத்துப் பேசியிருந்தார். மூன்று, உதிரிபாகப் பிரிவுக்கு மாற்றப்பட்டவை. எஞ்சிய ஒன்று, இருமுறை பதிவானது என்று நீக்கப்பட்டது. நீக்கியவர் பெயர் செயற்பதிவேட்டில் இருந்தது. அது அவருடைய பெயரே. அந்த இளைஞர் பணியில் தொடர்கிறார். விடுபட்ட எண்களுக்குக் காரணம் எழுதிவைக்க இப்போது ஒரு குறிப்பேடும் அவரிடம் இருக்கிறது.