"நோ பார்க்கிங்" பலகை: வணிகர்கள் அறிய வேண்டியவை

கடைவீதியில் தொழில் செய்யும் நமக்கு அன்றாடம் இடைஞ்சல் தரும் பலகை "நோ பார்க்கிங்". சரக்கு வண்டி அதன் கீழே நின்றால் அபராதம் கேட்கிறார்கள். நம் கடை வாசலை அயலார் வண்டி மறித்தாலோ, அதே பலகையை நம்மவர்களே எழுதி மாட்டுகிறார்கள். இந்தச் சொல்லின் சரியான பொருள் என்ன, யார் வைத்த பலகைக்கு மதிப்பு உண்டு என்பதை உறுப்பினர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் பலகையை அடையாளம் காண்போம். நீல நிற வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரே ஒரு சிவப்புக் கோடு இருந்தால் அது "நோ பார்க்கிங்". அதே வட்டத்தில் இரண்டு கோடுகள் பெருக்கல் குறி போல வெட்டிக்கொண்டால் அது "நோ ஸ்டாப்பிங்". தமிழில் இரண்டையுமே "வண்டி நிறுத்தக் கூடாது" என்று சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைக் குறிகள், சமிக்ஞைகள் உடன்படிக்கை இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்கிறது. 1980-இல் இந்தியாவும் அதில் இணைந்தது. ஆட்களை ஏற்றி இறக்கவும், சரக்கை ஏற்றி இறக்கவும் தேவைப்படும் நேரம் மட்டும் நிற்பது "நிற்றல்". அந்த நேரத்தைத் தாண்டி வண்டியைப் போட்டு வைப்பது "பார்க்கிங்". மண்டியிலிருந்து வந்த வேன் பத்து அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டு உடனே கிளம்பினால் அது நிற்றல். மூட்டை இறங்கிய பிறகு டிரைவர் டீ குடிக்கப் போனாலும், பில் பணத்துக்காகக் காத்திருந்தாலும் அது பார்க்கிங் ஆகிவிடும். இரண்டு கோடு போட்ட பலகை உள்ள இடத்திலோ, ஒரு மூட்டை இறக்கக்கூட நிற்க இடமில்லை.

இதை வைத்துக்கொண்டு, "சரக்குதான் இறக்குகிறோம்" என்று எங்கும் வாதாட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 122-ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்தோ, தடையோ, மிகுந்த இடைஞ்சலோ உண்டாகும்படி பொது இடத்தில் வண்டியை விட்டு வைப்பதைத் தடை செய்கிறது. பலகையே இல்லாத தெருவுக்கும் இது பொருந்தும். நடைபாதை, பாதசாரிகள் கடக்கும் இடம், வளைவு, பாலம், பஸ் நிறுத்தத்தின் அருகு, பிறர் கட்டிடத்தின் வாசல் ஆகிய இடங்களிலும் பலகை இல்லை என்று சொல்லித் தப்ப இயலாது.

அடுத்தது, நாமே மாட்டும் பலகை. சட்டத்தின் 116-ஆம் பிரிவின்படி போக்குவரத்துக் குறிகளை நிறுவும் அதிகாரம் மாநில அரசுக்கும், அது அதிகாரம் அளித்த அமைப்புக்கும் உண்டு; தனியாருக்கு இல்லை. ஆகவே கடை ஷட்டரில் எழுதிய "நோ பார்க்கிங்" வெறும் வேண்டுகோள்தான். அதைக் காட்டி யாரிடமும் பணம் கேட்கவோ, டயரில் காற்றைப் பிடுங்கவோ நமக்கு உரிமை இல்லை. வாசலை அடைத்து நிற்கும் வண்டியைப் பற்றிப் போக்குவரத்துக் காவலரிடம் சொல்வதே முறை. அரசு வைத்த பலகையைக் கழற்றுவதும் மாற்றுவதும் குற்றம். பலகை தெரியாதபடி நம் விளம்பரத் தட்டி மறைத்தால், அதை அகற்ற மாநில அரசு காவல்துறை உயர் அதிகாரிகளுக்கு அதிகாரம் அளிக்கலாம்.

மீறினால் என்ன ஆகும்? 177-ஆம் பிரிவின் பொது அபராதம் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் முதல் முறைக்கு ரூ.100 வரை, அடுத்த முறைக்கு ரூ.300 வரை இருந்தது. திருத்தத்துக்குப் பின் அது முறையே ரூ.500, ரூ.1,500 வரை உயர்ந்தது. இதோடு முடிவதில்லை. தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லவும், சக்கரத்தில் பூட்டுப் போடவும் 127-ஆம் பிரிவு இடம் தருகிறது. இழுத்த செலவும் உரிமையாளர் தலையில்தான். சரக்கோடு வண்டி போய்விட்டால், அபராதத்தைவிட அன்றைய வியாபாரம் கெடுவதே பெரிய நஷ்டம்.

எனவே உறுப்பினர்கள் சிலவற்றைக் கடைப்பிடிக்கலாம்:

1. பலகையின் கீழே உள்ள சிறு தகட்டைப் படியுங்கள். தடை நேரமும் தூரமும் அதில் இருக்கும்.

2. சரக்கு வண்டிகள் வரக்கூடாத நேரத்தை வெளியூர் மொத்த வியாபாரிக்கும் லாரி ஆபீசுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

3. வண்டி வரும்போது சுமை தூக்கும் ஆள், பில், பணம் மூன்றும் தயாராக இருக்கட்டும்.

4. இறக்கி முடியும் வரை டிரைவர் வண்டியை விட்டு நகர வேண்டாம்.

இவை தனி ஆள் செய்யக்கூடியவை. கடைவீதிக்கென்று சரக்கு இறக்கும் இடமும் நேரமும் வேண்டுமானால் சங்கமாகத்தான் கேட்க வேண்டும். வண்டிகள் நிற்கும் இடத்தை உள்ளாட்சி அமைப்பைக் கலந்து தீர்மானிக்க 117-ஆம் பிரிவு வழி செய்கிறது. எந்தத் தெருவில், எந்த நேரத்தில், எத்தனை வண்டிகள் சரக்கு இறக்குகின்றன என்ற விவரத்தை ஒவ்வொரு கடையும் எழுதித் தந்தால், அந்தக் கணக்கோடு நாம் மனு கொடுக்கலாம். வெறுங்கையோடு முறையிடுவதைவிட, எழுதிய கணக்கோடு போவதற்கு வலு அதிகம்.