முதலில் கொடி, பிறகு பந்தல்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். பெர்கோலா வேண்டுமென்று போனில் ஒரு படம் காட்டினீர்களே, அது ஐரோப்பாவில் எடுத்தது. கிழக்கு மேற்காக ஓடும் சட்டங்களை நிமிர்த்தி வைத்து இடையே ஒரு சாண் இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே நடுக்கோடையிலும் உச்சிவெயில் தெற்கிலிருந்து சாய்வாகத்தான் வரும். நிமிர்ந்து நிற்கும் சட்டம் அதை மறித்துவிடும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் தலைக்கு மேல். அப்போது ஒன்றரை அங்குலச் சட்டத்துக்கு ஒன்றரை அங்குல நிழல்தான். மீதி வெயில் முழுக்க உங்கள் மடியில் விழும்.

நமக்கு நிழல் தருவது கொடிதான். தேக்கா, இரும்பா என்று கடைக்காரர் கேட்பார். என்ன கொடி விடப் போகிறீர்கள் என்று நான் கேட்பேன்.

காய்க்கொடி என்றால் உயரத்தை யோசிக்க வேண்டும். பறிக்க ஆறரை அடிப் பந்தல் வசதி. ஆனால் நீட்டுப் புடலை நேராக வளர, பிஞ்சின் நுனியில் சின்னக் கல்லை நூலில் கட்டித் தொங்கவிடுவார்கள். கீழே நாற்காலி போட்டால் அந்தக் கல் நெற்றியைத் தேடி வரும். உட்காரவும் வேண்டுமென்றால் எட்டடி வைத்துவிட்டு, பறிக்க ஒரு ஸ்டூல் வைத்துக்கொள்ளுங்கள். பட்டமும் முக்கியம். ஆடியில் விதைத்த கொடி நாலைந்து மாதத்தில் ஓய்ந்துவிடும். வெயில் ஏறும்போது பந்தல் மொட்டையாக நிற்கும். தையில் விதைத்தால் சித்திரைக்கு இலை இருக்கும். இந்தக் கணக்கெல்லாம் வேண்டாமென்றால் கோவைக்காய். தண்டை வெட்டி நட்டால் போதும், சில வருஷம் ஓடும்.

பூ வேண்டுமென்றால் ரங்கூன் மல்லி. மாலையில் வெள்ளையாகப் பூத்து, அடுத்தடுத்த நாளில் ரோஸாகி, சிவப்பாகும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் இருக்கும். காகிதப்பூ பார்க்க அழகுதான். முள்ளும் பாரமும் அதிகம், உட்காரும் இடத்துக்கு எனக்குச் சம்மதமில்லை.

கொடி முடிவானால் தூண் தானாக முடிவாகும். பாகலுக்கும் அவரைக்கும் சவுக்குக் கம்பு போதும். மண்ணுக்குள் போன பாகத்தைக் கரையான் தின்ற பிறகு மாற்றிக்கொள்ளலாம். வருஷக்கணக்கில் நிற்கும் கொடிக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களைப் பாருங்கள். கல்தூண், மேலே குறுக்கும் நெடுக்கும் கம்பி. தூணுக்குத் துருவும் இல்லை, கரையானும் இல்லை. ஜி.ஐ. பைப்தான் போடுவீர்கள் என்றால், வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும். துரு அங்கேதான் ஆரம்பிக்கும். பெயின்டுக்கு முன் அந்த இடங்களில் ஜிங்க் பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். வருஷக்கணக்கில் நிற்க வேண்டிய மரத்தூணை மட்டும் மண்ணில் புதைக்கவே வேண்டாம். கான்கிரீட் மேல் இரும்புத் தகட்டில் நிறுத்துங்கள்.

கொடி ஏறும்வரை பச்சை வலை கட்டலாம், தப்பில்லை. ஆனால் ஐப்பசி பிறக்குமுன் சுருட்டி வைத்துவிடுங்கள். காற்றடிக்கும்போது வலை கப்பல் பாய் மாதிரி உப்பித் தூணையே பிடுங்கப் பார்க்கும். அடர்ந்த கொடியும் அப்படித்தான், மழைக்காலத்துக்கு முன் ஒரு தடவை கழித்துவிட வேண்டும்.

மொட்டைமாடியில் போடுவதானால் தளத்தைத் துளைக்க விடாதீர்கள், ஒழுகும். கைப்பிடிச் சுவரில் பிடிமானம் கொடுக்க முடியுமா என்று கட்டிய மேஸ்திரியைக் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.