பழகிய கரையைப் படம் பிடித்தல்

சென்னை மெரினாவில் மாலைக் காற்று வாங்கப் போகிறவர் எவரையும் நிறுத்தி, இந்த அகன்ற மணல்வெளி எப்போது உண்டாயிற்று என்று கேட்டால், கடல் உள்ள காலந்தொட்டுக் கரையும் உள்ளதுதானே என்றே விடை வரும். ஆனால், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக 1842-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டு, 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதனால் பிற்காலத்தில் அவர் பெயரைப் பெற்ற ஐஸ் ஹவுஸ் கட்டடத்தைக் காட்டும் பழைய படங்களைப் பார்த்தவர்கள், அந்நாளில் கடல் அதற்கு எவ்வளவு சமீபத்தில் இருந்தது என்பதைக் கண்டு திகைத்துப் போவார்கள். இன்று அதே வாசலிலிருந்து அலையைத் தொடவேண்டுமானால், சாலையைக் கடந்து சில நூறு மீட்டர் தூரம் மணலில் கால் புதைய நடக்கவேண்டும். நாம் அநாதியானது என்று நினைத்திருக்கும் கரை, உண்மையில் ஒன்றரை நூற்றாண்டுக்குள் உருவானது.

இதன் காரணம் விசித்திரமானதன்று. நம் கிழக்குக் கரையோரமாக மணல் ஓயாமல் பிரயாணம் செய்துகொண்டிருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் அது வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் நகர்கிறது. இந்த நீரோட்டங்களைச் சென்னை மீனவர்கள் தெண்டி என்றும் வன்னி என்றும் சொல்லி, அவற்றை அறிந்தே வலை போடுகிறார்கள். வருஷம் முழுவதற்கும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், வடக்கே போகும் மணலே அதிகம். 1876-ஆம் ஆண்டையொட்டிச் சென்னைத் துறைமுகத்துக்கான அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கியபோது, அந்த மணலின் வழி அடைபட்டது. சுவருக்குத் தெற்கே தேங்கிய மணல் மெரினாவாக விரிந்தது; கவர்னர் கிராண்ட் டஃப் 1884-ஆம் ஆண்டையொட்டி அங்கே உலாவும் சாலை அமைத்து, அதற்கு அந்தப் பெயரையும் சூட்டினார். சுவருக்கு வடக்கே, வரவேண்டிய மணல் வராமற்போகவே, ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையில் கடல் கரையைத் தின்னலாயிற்று. தெற்கே நகரவாசிகள் உலாவ இடம் கிடைத்த அதே காரணத்தால்தான் வடக்கே மீனவர்கள் குடியிருந்த இடம் போயிற்று. பாறாங்கற்களைக் கொட்டியும் தூண்டில் வளைவுகளைக் கட்டியும் அந்தக் கரையைக் காக்கும் முயற்சி இன்றளவும் நடந்து வருகிறது.

இத்தனை பெரிய மாறுதல் நம் கண்ணெதிரே நடந்திருந்தும், நம் மனத்தில் ஏன் பதியவில்லை? ஞாபகத்தின் சுபாவமே அதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கடல் அங்குலம் அங்குலமாக நகரும்போது ஞாபகமும் அதனோடு கூடவே நகர்ந்து, இன்று காணும் கரையே என்றும் இருந்த கரை என்று நம்மை நம்பவைத்துவிடுகிறது. புகைப்படத்துக்கு இந்தத் தாட்சணியம் கிடையாது. பட்டினப்பாக்கம் கரையில் நான் எடுத்து வைத்திருக்கும் இரண்டு படங்களை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். முதற்படத்தில், அலையால் பாதி இடிந்து நிற்கும் ஒரு வீட்டின் நீலச் சுவரில் விளக்கு மாடமும், அதன் புகைக் கறையும், காலண்டர் மாட்டிய ஆணியும் துலக்கமாகத் தெரிகின்றன. சுவருக்கு முன்னே ஒரு படகு நிறுத்துமளவுக்கு மணல் இருக்கிறது. இரண்டாவது படத்தில் சுவரும் இல்லை, மணலும் இல்லை; அந்த இடத்தில் கருங்கற்குவியல் கிடக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வரையில், இவ்வளவு போய்விட்டது என்று அந்த வழியே அடிக்கடி நடந்த எனக்கே தெரியவில்லை.

இத்தகைய படங்களை எடுப்பதற்கு விலையுயர்ந்த காமிரா வேண்டியதில்லை, கையிலிருக்கும் செல்பேசியே போதும், வேண்டுவது ஒழுங்கு. ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், ஒரே திசையை நோக்கி நின்று எடுக்கவேண்டும். எளிதில் அசையாத ஏதேனும் ஒன்று, கோயிற்கோபுரமோ பாலத்தூணோ பழைய மதிற்சுவரோ, சட்டத்துக்குள் அமைய வேண்டும். அதை வைத்தே கரை எவ்வளவு நகர்ந்தது என்று அளக்க முடியும். கிழக்கு நோக்கிய நம் கரையில் காலைச் சூரியன் எதிரே நின்று உருவங்களைக் கறுப்பாக்கிவிடுமாதலால், வெயில் முதுகுப்புறமிருந்து விழும் பிற்பகலே இதற்கு உகந்தது. எல்லாவற்றிலும் முக்கியமாக, ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில், கூடியவரையில் நீர்மட்டம் ஒத்திருக்கும் வேளையில் எடுக்கவேண்டும். ஏனெனில், ஐப்பசி கார்த்திகைப் புயற்காலத்தில் அலை வெட்டிக்கொண்டு போகும் மணலில் பெரும்பகுதியை அடுத்த கோடையில் கடலே திருப்பிக் கொடுத்துவிடுவதுண்டு. பருவந்தோறும் வந்து போகும் இந்த மாறுதலையும், மீளாத மாறுதலையும் பிரித்தறியாமல் பயந்துவிடுவதும் பிழை, அலட்சியமாயிருப்பதும் பிழை.

இது சென்னைக்கு மட்டும் உரிய கதையன்று. புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்த பின் அதே நியாயம் அப்படியே நிகழ்ந்தது; நகரத்தின் முன்னே பரந்திருந்த மணற்கரை மறைந்து, ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கருங்கற்களையே கடற்கரை என்று எண்ணி வளர்ந்தார்கள். தரங்கம்பாடியில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலை கொண்டுபோய்விட்டது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடிக்கு நேர்ந்ததோ ஓர் இரவின் அழிவு. அதை உலகம் அறியும். மெல்ல மெல்லத் தேயும் கரைகளுக்கு அப்படி ஒரு தேதி இல்லாததனாலேயே அவற்றுக்காக எவரும் துக்கம் கொண்டாடுவதில்லை.

ஆனாலும், படம் மட்டும் போதும் என்று சொல்லிவிட முடியாது. சட்டத்துக்கு வெளியே இருந்ததை அது அறியாது. மீனவக் குப்பம் ஒன்றில் வயதான அம்மாள் ஒருவரிடம் பழைய படமொன்றைக் காட்டியபோது, அவர் படத்தில் இருந்ததைப் பாராமல், அதன் ஓரத்துக்கு அப்பால் வெறுந்தரையில் விரலை வைத்து, "இங்கதான் தம்பி கரவல இழுப்பாங்க. ரெண்டு பக்கமும் ஆளுங்க வரிசையா நிக்க எடம் இருந்துச்சு. இப்ப நிக்க மண்ணு எங்க இருக்கு?" என்றார். அலையின் விளிம்பு மாறியதை எனக்குப் படம் காட்டியது. அதனோடு ஒரு தொழிலே இடம் இழந்ததை அந்த அம்மாளின் ஞாபகம் சொல்லிற்று. படம் ஞாபகத்தைத் திருத்துகிறது, ஞாபகம் படத்தை நிறைவு செய்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் கரையின் சரித்திரம் பூர்த்தியாகும்.

ஆகவே, கடலோரத்தில் வாழும் வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். உங்கள் வீட்டு ஆல்பத்தில், தாத்தாவும் பாட்டியும் கடற்கரையில் நிற்கும் படம் ஒன்று இருக்குமானால், அதன் பின்புறத்தில் இடத்தையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி வையுங்கள். அதே இடத்தில் நின்று இன்று ஒரு படம் எடுங்கள். அருகிலுள்ள குப்பத்துப் பெரியவர்களிடம் இரண்டையும் காட்டி, அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளை ஒரு புதிய சுவரோ துறைமுகமோ திட்டமிடப்படும்போது, கரை முன்பு எங்கே இருந்தது என்ற கேள்வி நிச்சயம் எழும். அதற்கு விடை சொல்லும் ஆதாரம் அந்தக் கரையில் வாழ்கிறவர்களின் கையில் இருக்கவேண்டும்.