சொகுசுக் கப்பலில் இரவுச் சாப்பாடு: பில் கட்டுபவர்களும் பரிமாறுபவர்களும்

வெள்ளவத்தை, தெஹிவளை, களுபோவில பக்கத்துத் தமிழ் வீடுகளில் ‘குரூஸ்’ என்ற சொல் இப்போது சாதாரணமாகப் புழங்குகிறது. இரண்டு வழிகளில் அது வீட்டுக்குள் வருகிறது. ஒன்று, கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் பிள்ளைகள் அம்மா அப்பாவைக் கூப்பிட்டு ஒரு கிழமை கப்பலில் கொண்டுபோய்க் காட்ட நினைப்பது. மற்றது, ஹோட்டல் பயிற்சி முடித்த பிள்ளை ஒன்று கப்பல் வேலைக்குப் போக முகவர் ஒருவரைத் தேடுவது. ஒரே கப்பல், ஒரே சாப்பாட்டு மேசை. ஒருவர் அதில் உட்காருகிறார், மற்றவர் அதற்குத் தட்டுக் கொண்டுவருகிறார். இருவருமே போக முன்னர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில உண்டு. அவை பெரும்பாலும் ‘சிறப்பு உணவகம்’ என்ற இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

கப்பல் பயணச்சீட்டு வாங்கும்போது சாப்பாடும் அதற்குள் அடக்கம் என்றுதான் சொல்வார்கள். அது பொய்யல்ல. பெரிய கப்பல்களில் வெள்ளை விரிப்புப் போட்ட பிரதான சாப்பாட்டு மண்டபம் ஒன்று இருக்கும். மேல்தளத்தில் நாமே போய் எடுத்துச் சாப்பிடும் பஃபே இருக்கும். பீட்சா, பேர்கர் கொடுக்கும் சிறு கடைகளும் இருக்கும். இவற்றில் மூன்று நேரமும் எவ்வளவு சாப்பிட்டாலும் பொதுவாக வேறு காசு இல்லை. சில நிறுவனங்கள் இங்கும் கை வைக்கத் தொடங்கிவிட்டன. உதாரணமாக, கார்னிவல் நிறுவனம் பிரதான மண்டபத்தில் ஒருவர் மூன்றாவது முதன்மை உணவு கேட்டால் ஐந்து டொலர் அறவிடுகிறது.

சிறப்பு உணவகம் இதற்கு வெளியே நிற்கிறது. இத்தாலிய உணவு, ஜப்பானிய சுஷி, மாட்டிறைச்சி ஸ்டேக், பிரெஞ்சு உணவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறை. மேசைகள் குறைவு, வெளிச்சம் குறைவு, சத்தம் குறைவு. முன்பதிவு செய்யாமல் இடம் கிடைப்பது கடினம். சில இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம் வைப்பார்கள். வேறு சில இடங்களில் ஒவ்வொரு தட்டுக்கும் விலை போடுவார்கள். அமெரிக்கக் கப்பல்களின் ஸ்டேக் உணவகங்களில் இரவுச் சாப்பாடு தலைக்கு 40 டொலரில் இருந்து 80 டொலர் வரை போகும். அதற்கு மேல் 18 அல்லது 20 சதவீதம் சேவைக் கட்டணம் தானாகவே ஏறும். குடிவகையும் பெரும்பாலான குளிர்பானங்களும் இதில் சேராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அம்மா, அப்பா, மகள், மருமகன் என்று நான்கு பேர். தலைக்கு 50 டொலர் என்று வைத்தால் 200. 18 சதவீதம் சேர 236 டொலர். ஒரு டொலர் 300 ரூபா என்று எடுத்தால் எழுபதாயிரத்து எண்ணூறு ரூபா, ஒரு இரவுச் சாப்பாட்டுக்கு. இதே நால்வரும் நான்கு மாடி இறங்கிப் பிரதான மண்டபத்துக்குப் போயிருந்தால் மேலதிகமாக ஒரு சதமும் இல்லை.

இந்தக் காசு கையை விட்டுப் போவதே தெரியாது. கப்பலில் நோட்டு எடுத்து நீட்டுவதில்லை. அறைக் கதவைத் திறக்கும் அட்டைதான் பணப்பையும். அது பிள்ளையின் கடனட்டையோடு இணைக்கப்பட்டிருக்கும். அம்மா அட்டையைக் கொடுப்பார், யாரோ கையொப்பம் வாங்குவார், பிள்ளைக்குக் கடைசி நாள் காலையில் கணக்கு வரும். அந்தக் கணக்கில் தலைக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டொலர் வரையான பொதுச் சேவைக் கட்டணமும் சேர்ந்திருக்கும். ஏழு நாள், நான்கு பேர் என்றால் அது மட்டும் ஐந்நூறு டொலரைத் தொடும். கப்பல் ஏற முன்னர் பயணச்சீட்டு விலையை மட்டும் பார்த்து மலிவு என்று நினைத்தவர்கள் இங்கேதான் திகைக்கிறார்கள்.

கப்பல் நிறுவனங்கள் ஏன் இப்படிச் செய்கின்றன? பயணச்சீட்டில் கடும் போட்டி. விலையைக் குறைத்துக் காட்டினால்தான் அறைகள் நிரம்பும். அறை நிரம்பிய பின்னர் உள்ளே வைத்து உழைக்கலாம். உலகின் மிகப் பெரிய நிறுவனமான கார்னிவலின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பயணச்சீட்டிலிருந்து வருவதல்ல. குடிவகை, சூதாட்டம், கரைச் சுற்றுலா, கடைகள், சிறப்பு உணவகம் போன்றவற்றிலிருந்து வருவது. முதல் நாள் ஏறியவுடனேயே வாசலில் நின்று ‘மூன்று இரவுப் பொதி’ விற்க ஆட்கள் வருவதற்குக் காரணம் இதுதான். அந்தப் பொதி வேண்டாம் என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஒரு முறை ருசி பார்க்க ஆசை என்றால், கப்பல் கரை தொடாத நாட்களின் மதியச் சாப்பாடு பல இடங்களில் இரவை விட மலிவு.

இது இன்று வந்த யோசனையும் அல்ல. 1905 இல் ஜேர்மனியின் ஹம்பேர்க்-அமெரிக்கா நிறுவனம் தன் ‘அமெரிக்கா’ என்ற கப்பலில் ரிட்ஸ்-கார்ல்ரன் பெயரில் தனி உணவகம் ஒன்றைத் திறந்தது. முதல் வகுப்புப் பயணிகளுக்குச் சாப்பாடு ஏற்கெனவே சீட்டில் அடக்கம். அதற்கு மேலும் காசு கொடுத்து, விரும்பிய நேரத்தில், விரும்பியதைச் சொல்லிச் சாப்பிடலாம் என்பதே அங்கு விற்கப்பட்ட பொருள். 1912 இல் மூழ்கிய டைட்டானிக்கிலும் இப்படி ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் லூய்ஜி கத்தி என்ற இத்தாலியர். அங்கு வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இத்தாலியர்களும் பிரெஞ்சுக்காரர்களும். அவர்கள் கப்பல் நிறுவனத்தின் ஊழியர்கள் அல்ல, ஒப்பந்தக்காரரான கத்தியின் ஆட்கள். ஏறத்தாழ 66 பேரில் மூவர்தான் உயிர் தப்பினார்கள். அந்த மூவரில் இருவர் காசாளர் பெண்கள். கத்தியும் இறந்தார். கப்பலின் மிக விலையுயர்ந்த மேசைக்குப் பரிமாறியவர்கள், ஆபத்து வந்தபோது கப்பலின் எந்தப் பட்டியலிலும் முன்னால் இருக்கவில்லை.

எங்கள் வயிற்றுக்கு அங்கு என்ன கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத அம்மாவை, மாட்டிறைச்சியே பெருமையாக இருக்கும் உணவகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், 60 டொலர் கொடுத்து, அவித்த கிழங்கும் காளானும் சாப்பிட வைப்பது அன்பு என்று எனக்குத் தோன்றவில்லை. மரக்கறிச் சாப்பாட்டுக்காரருக்குப் பிரதான மண்டபமே மேல். பல பெரிய கப்பல்களில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் இந்திய முறை மரக்கறி உணவு அங்கு கிடைக்கும். விரதம், ஒவ்வாமை, நீரிழிவு என்று சொன்னால், மேற்பார்வையாளர் அடுத்த நாள் உணவுப் பட்டியலை முதல் நாள் இரவே கொண்டுவந்து காட்டி, எது சரி என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார். இதற்குத் தனிக் காசு இல்லை.

இங்கிலாந்தில் இருந்து புறப்படும் பி அண்ட் ஓ கப்பல்களில் ‘சிந்து’ என்ற இந்திய உணவகம் இருக்கிறது. லண்டனில் புகழ்பெற்ற சமையற்காரர் அதுல் கோச்சரின் பெயரோடு 2010 இல் ‘அசூரா’ கப்பலில் அது தொடங்கியது. எங்களுக்கு வீட்டுச் சாப்பாடு, அங்கே அது மேலதிகக் காசு கட்டி மெழுகுதிரி வெளிச்சத்தில் சாப்பிடும் சிறப்பு. கறி எந்த மேசையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் விலை மாறிவிடுகிறது.

எங்கள் கரைக்கே வந்த கப்பலில் நிலைமை வேறு. 2023 ஜூன் 5 ஆம் திகதி சென்னையில் இருந்து கோர்டேலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ இலங்கைக்குப் புறப்பட்டது. ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகியவை அதன் துறைமுகங்கள். அது இந்தியக் குடும்பங்களை நம்பி ஓடும் கப்பல். அதனால் மரக்கறியும் வெங்காயம் பூண்டு சேராத சமண உணவும் அங்கு சீட்டிலேயே அடக்கம். காசு கட்ட வேண்டிய சிறப்பு உணவகம் ‘சொப்ஸ்டிக்ஸ்’, சீன மற்றும் கிழக்காசிய உணவுக்கானது. ஒரு கப்பலில் எது சாதாரணம், எது சிறப்பு என்பதை அதில் ஏறும் சனம்தான் தீர்மானிக்கிறது.

இந்த ‘எம்பிரஸ்’ 1990 இல் பிரான்ஸில் கட்டி முடிக்கப்பட்டு ‘நோர்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் கடலில் இறங்கியது. அதே 1990 இல்தான் வலிகாமம் வடக்கு மக்கள் காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலியை விட்டு எழும்பினார்கள். முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பிறகு கப்பல் காங்கேசன்துறைக்கு வந்துவிட்டது. அந்தத் துறைமுகத்தைச் சுற்றிய காணிகளில் ஒரு பகுதிக்கு அதன் சொந்தக்காரர்கள் அப்போதும் போக முடியவில்லை. சாப்பாடு எல்லாம் கப்பலிலேயே முன்கூட்டிக் காசு கட்டி முடிந்த பயணிகள், கரைக்கு இறங்கி நல்லூரைப் பார்த்தாலும் யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடையில் மேசை பிடிப்பது குறைவு. ‘கப்பல் வந்தால் ஊர் செழிக்கும்’ என்று மேடையில் சொல்வதைக் கேட்கும்போது இந்தக் கணக்கையும் நினைவில் வைத்திருக்கலாம்.

பிள்ளைகள் ஆசையோடு சீட்டுப் போட்ட பின்னரும் சில அம்மாக்கள் தயங்குவதற்குக் காசு மட்டும் காரணம் அல்ல. இந்தப் பக்கத்தில் வாழும் முதியவர்கள் பலருக்குக் கப்பல் என்றால் 1983 இன் ‘லங்கா கல்யாணி’. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் வீடு எரிந்து, முகாமில் கிடந்து, அந்தச் சரக்குக் கப்பலில் ஏறிக் காங்கேசன்துறைக்குப் போனவர்கள் அவர்கள். வன்னியில் இருந்து வந்தவர்களுக்கு 2009 இன் ‘கிரீன் ஓஷன்’. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு அமர்த்திய அந்தக் கப்பலில், புதுமாத்தளன் கரையில் இருந்து காயப்பட்டவர்களைச் சிறு படகுகளில் கொண்டுபோய் ஏற்றினார்கள். பெப்ரவரியில் இருந்து மே வரை நோயாளர்களும் கூட வந்தவர்களுமாகப் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கடல் வழியாக வெளியேற்றப்பட்டார்கள். பத்தாவது மாடிப் பஃபேயில் கண்ணாடிக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது ஒருவருக்குச் சந்தோசமாக இருக்கலாம். இன்னொருவருக்கு அப்படி இல்லாமல் போகலாம். சீட்டுப் போட முன்னர் அவரையே ஒருமுறை கேட்பது நல்லது.

இனி, தட்டுக் கொண்டுவருபவரின் பக்கம். கப்பலில் பரிமாறுபவருக்குக் கிழமையில் ஏழு நாளும் வேலை. ஒப்பந்தம் பொதுவாக ஆறு முதல் ஒன்பது மாதம். காலைச் சாப்பாட்டு நேரம், மதியம், இரவு என்று துண்டு துண்டாக நாளொன்றுக்குப் பத்துப் பதினொரு மணித்தியாலம். சிறப்பு உணவகத்துக்கு அனுபவம் உள்ளவர்களைத்தான் எடுப்பார்கள். புதிதாகப் போகிறவர் பெரும்பாலும் பஃபேயில் மேசை துடைப்பதில், அல்லது சமையலறையில் பாத்திரம் கழுவுவதில் தொடங்குவார். ‘போனவுடன் ஸ்டேக் ஹவுஸில் வெயிட்டர்’ என்று முகவர் சொன்னால் சந்தேகப்பட இடம் உண்டு. பயணிகளின் சேவைக் கட்டணம் பல நிறுவனங்களில் ஒரு பொதுப் பானையில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து சம்பளத்தின் ஒரு பகுதியாகப் பிரிக்கப்படுகிறது. அதனால், காசு மிச்சம் பிடிக்கப் பயணிகள் வரவேற்பு மேசைக்குப் போய்த் தினசரிச் சேவைக் கட்டணத்தை நீக்கச் சொன்னால், குறைவது அந்தப் பானைதான். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் சிறப்பு உணவகத்தை விடலாம், இதை விடக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

பாதுகாப்பும் இருக்கிறது, ஆனால் அதை அறிந்தவர்கள் குறைவு. 2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயத்தை இலங்கை 2017 ஜனவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அந்தச் சமவாயத்தின்படி ‘கடலோடி’ என்றால் மாலுமி மட்டுமல்ல. கப்பலில் எந்த வேலை செய்பவரும் கடலோடிதான். பரிமாறுபவரும் சமையற்காரரும் அறை துப்புரவு செய்பவரும் அதில் அடக்கம். வேலை நேரத்துக்கு வரம்பு வைக்கும் நாடுகளில் 24 மணித்தியாலத்தில் 14, ஏழு நாளில் 72 என்பதே உச்சம். ஓய்வு நேரத்தைக் கணக்கிடும் முறையில் 24 மணித்தியாலத்தில் 10, ஏழு நாளில் 77 மணித்தியாலம் ஓய்வு கிடைக்க வேண்டும்.

எங்கள் வீடுகளுக்கு மிக முக்கியமானது முகவர் கட்டணம். வெளிநாடு போக ஏஜென்சிக்குக் காசு கட்டுவது போர்க்காலத்தில் இருந்தே எங்களுக்குப் பழகிப்போன விடயம். நகை அடகு வைத்து, காணி ஈடு வைத்து, லொட்ஜில் மாதக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் வெள்ளவத்தையிலும் களுபோவிலையிலும் எத்தனையோ. அந்தப் பழக்கத்தாலேயே கப்பல் வேலைக்கு இலட்சக்கணக்கில் கேட்டாலும் அதை இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். சமவாயம் சொல்வது வேறு. வேலை தேடித் தருவதற்காகக் கடலோடியிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக்கூடாது. கடவுச்சீட்டு, மருத்துவச் சான்றிதழ், கடலோடிக்கான அடையாளப் புத்தகம் ஆகிய மூன்றின் செலவை மட்டும் அவர் பார்க்கலாம். விசாச் செலவு கப்பல் உரிமையாளருடையது. அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிக்குப் பயிற்சி நிலையத்தில் காசு கட்ட வேண்டி வரலாம். அது வேறு, ‘வேலை எடுத்துத் தர’ என்று கேட்கும் காசு வேறு. இரண்டையும் ஒரே பற்றுச்சீட்டில் கலந்து எழுதித் தருபவரிடம் பிரித்து எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கடலோடிகளை அனுப்பும் முகவர்களுக்கு அனுமதி கொடுப்பது வணிகக் கப்பற்றுறைச் செயலகம். அனுமதிப் பத்திர இலக்கத்தை வாங்கி, அந்தச் செயலகத்திலேயே கேட்டு உறுதிப்படுத்தலாம். ஒப்பந்தத்தைக் கையெழுத்திட முன்னர் வாசித்துப் பார்க்கவும், வேறொருவரிடம் காட்டி ஆலோசனை கேட்கவும் நேரம் தர வேண்டும் என்பதும், கையெழுத்திட்ட பிரதி ஒன்று கடலோடியின் கையில் இருக்க வேண்டும் என்பதும் அதே சமவாயத்தில் இருக்கின்றன. விமான நிலையத்துக்குப் போகும் வழியில் நீட்டப்படும் தாளில் பார்க்க வேண்டியவை நான்கு: அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, சேவைக் கட்டணம் அதற்குள்ளா வெளியேயா, எந்தப் பிரிவில் வேலை, ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்பும் விமானச் சீட்டு யார் செலவு. கடைசிக் கேள்விக்குச் சமவாயத்தின் பதில், கப்பல் உரிமையாளர் என்பதே.