ரயில் போன வழியில் சைக்கிள்

பிரான்சையும் சைக்கிளையும் சேர்த்துச் சொன்னால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஜூலை மாதத்து டூர் தெ பிரான்ஸ் பந்தயம்தான். மூன்று வாரம், 3,000 கிலோமீட்டருக்கும் மேல், ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகளில் மூச்சு முட்ட ஏறும் வீரர்கள். அதே நாட்டில் சைக்கிளுக்கு இன்னொரு முகமும் உண்டு. பின்சக்கரத்தின் இருபுறமும் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, நாளைக்கு 50, 60 கிலோமீட்டர் என்று ஊர் ஊராகப் போய், இரவானால் ஏதாவது ஒரு கிராமத்தில் கூடாரம் அடித்துத் தூங்கி, காலையில் மறுபடி கிளம்பும் பயணிகள். ஓய்வுபெற்ற தம்பதிகளும் குழந்தைகளோடு வரும் குடும்பங்களும் இவர்களில் நிறைய. ஏன் பிரான்ஸ் என்று கேட்டால் திராட்சைத் தோட்டம், கோட்டை, ஆற்றோரம் என்று பதில் வரும். அழகு உண்மைதான். ஆனால் அழகான நாட்டுப்புறம் ஐரோப்பாவில் எங்கும் இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக வெவ்வேறு வேலைகளுக்காகப் பொதுப்பணத்திலும் பொது உழைப்பிலும் உண்டான வழிகளை, அந்த வேலைகள் முடிந்த பிறகும் அந்த நாடு பெருமளவு கைகழுவிவிடவில்லை. அதுவே பிரான்சின் கிராமப்புறத்தைச் சைக்கிளுக்கு இசைவாக்கியது என்பது என் கருத்து.

ஆற்றங்கரையிலிருந்து தொடங்கலாம். எஞ்சின் வருவதற்கு முந்தைய காலத்தில் சரக்குப் படகுகளைக் கரையிலிருந்து குதிரைகளும் மனிதர்களும் கயிறு கட்டி இழுத்தார்கள். கரையில் வேலி போட்டால் படகு நின்றுவிடும். எனவே பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேர் காலத்தில், 1669-இல் வந்த அரசாணை, படகு போகும் ஆறுகளின் ஓரத்தில் 24 அடி அகலத்தை வழிக்காக விட வேண்டும் என்று நிலச் சொந்தக்காரர்களைக் கட்டாயப்படுத்தியது. அந்தக் காலத்துப் பிரெஞ்சு அடிக் கணக்கில் 24 அடி என்பது 7.80 மீட்டர். இன்றைய பிரெஞ்சுச் சட்டத்திலும் அதே 7.80 மீட்டர் இருக்கிறது. கால்வாய்களின் கரைகளோ பெரும்பாலும் அரசின் சொத்து. துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் போகும் 240 கிலோமீட்டர் ‘மிதி’ (Midi) கால்வாயை பியேர்-போல் ரிக்கே 1666-இல் வெட்டத் தொடங்கினார். 1681-இல் அது திறக்கப்பட்டது. லுவார் ஆற்றை ஒட்டிய பக்கவாட்டுக் கால்வாய் 1838-இல் வந்தது. 1896-இல் பிரியார் என்ற ஊரில் லுவார் ஆற்றுக்கு மேலேயே 662 மீட்டர் நீளத்துக்கு எஃகுத் தொட்டிப் பாலம் கட்டி, அதன் வழியே கால்வாயைக் கொண்டுபோனார்கள். இழுத்த குதிரைகள் போய்விட்டன. குதிரை நடந்த கரைகள் இருக்கின்றன. மதகுகள் இருக்கும் இடம் தவிர மற்ற இடமெல்லாம் கால்வாய் சமதளம். சுமை ஏற்றிய சைக்கிளுக்கு இதைவிட நல்ல தரை அமையாது.

அடுத்தது ரயில். 1879-இல் பொதுப்பணித்துறை அமைச்சர் ஃபிரேசினே, சிறு நகரங்கள் வரை ரயிலைக் கொண்டுபோகும் பெரிய திட்டத்தைத் தொடங்கினார். அதில் போட்ட கிளைப்பாதைகள் பலவற்றில் வருமானம் குறைவு. பேருந்தும் லாரியும் வந்ததும் 1930-களிலிருந்து ஒன்றொன்றாக மூடப்பட்டன. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தாலும் மண்மேடும் பாலமும் சுரங்கமும் மிச்சம். ரயில் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால், மலைப்பாங்கான இடத்தில்கூட அந்த வழி நூறு மீட்டருக்கு இரண்டு, மூன்று மீட்டர் என்ற அளவில்தான் ஏறும். இந்த அருமையை உணர்ந்து பர்கண்டி பகுதியில் ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையே 44 கிலோமீட்டர் பழைய ரயில் பாதையைத் தார் போட்டு 1997-இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் திறந்தார்கள். இத்தகைய ‘பசுமைப் பாதை’களில் அது முன்னோடி. அதன் தொடர்ச்சியில் க்ளூனிக்குத் தெற்கே 1.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் அங்கே வௌவால்கள் உறங்கும் என்பதால் அந்த மாதங்களில் சுரங்கத்தை மூடி, சைக்கிள்காரர்களை மலையைச் சுற்றிப் போகச் சொல்கிறார்கள்.

மூன்றாவது, கிராமச் சாலை. கால்வாயும் ரயில் பாதையும் எல்லா ஊருக்கும் போவதில்லை; பயணத்தின் பெரும்பகுதி சாதாரணச் சாலையில்தான் கழிகிறது. 1836-இல் வந்த சட்டம், ஊர்ச் சாலைகளைப் போட்டுப் பராமரிப்பதை ஒவ்வொரு ஊராட்சியின் கடமையாக்கியது. உடல் வலுவுள்ள ஆண்கள் ஆண்டுக்கு மூன்று நாள் வரை வண்டி மாட்டோடு வந்து வேலை செய்ய வேண்டும், அல்லது பணமாகக் கட்ட வேண்டும். ஏழைக் குடியானவர்களுக்கு அது பாரமாகவே இருந்தது. ஆனால் அந்த உழைப்பில் உருவான வலை இன்னும் பயன்படுகிறது. பிரான்சின் மொத்தச் சாலை நீளம் 10 லட்சம் கிலோமீட்டருக்கு மேல். அதில் ஆகப் பெரும்பகுதி ஊராட்சிகளும் மாவட்டங்களும் பராமரிக்கும் சிறு சாலைகள். தூரம் போகும் கார்களையும் லாரிகளையும் சைக்கிளுக்கு அனுமதியில்லாத 11,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விரைவுச் சாலைகள் பெருமளவு இழுத்துக்கொண்டன. இடையில் இருக்கும் சிறு சாலைகளில் பல இடங்களில் கால் மணிக்கு ஒரு கார் வந்தால் அதிகம். நாடு முழுக்க சுமார் 35,000 ஊராட்சிகள் இருப்பதும் பயணிக்கு உதவுகிறது. சில கிலோமீட்டருக்கு ஓர் ஊர், ஊருக்கு ஒரு தேவாலயம், அருகில் ஒரு கல்லறைத் தோட்டம். பூச்செடிகளுக்காக அங்கே வைத்திருக்கும் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொள்வது பழகிய சைக்கிள்காரர்களின் வழக்கம். குடிக்கத் தகாது என்று பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். பல ஊராட்சிகள் குறைந்த வாடகையில் கூடாரத் திடல்களையும் நடத்துகின்றன.

இதற்கு ஒரு மறுப்பு எளிதில் எழும். அந்தக் கிராமங்களில் ஆள் இல்லை, அதனால் சாலை காலி. இதில் அரசின் சாதனை என்ன? பாதி உண்மை. மத்திய பிரான்சின் தெற்கே லொசேர் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 15 பேர்தான் வசிக்கிறார்கள். ஆனால் ஆள் குறைந்தால் மட்டும் வழி கிடைத்துவிடாது. பராமரிக்காத ரயில் பாதை சில ஆண்டுகளில் முள்காடாகிவிடும். துண்டு துண்டாக விற்ற இடங்களில் மறுபடி வழி கேட்டு வாங்குவது பெரும்பாடு. ஆள் குறைவு பயணிக்கு நன்மையை மட்டும் தருவதும் இல்லை. 1960-களில் 2 லட்சம் அளவில் இருந்த கஃபேக்கள் இன்று 40,000-க்கும் கீழே போய்விட்டன. பல ஊர்களில் ரொட்டிக் கடைகூடக் கிடையாது. இருக்கும் கடையும் நண்பகலில் இரண்டு மணி நேரம் மூடியிருக்கும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகும் திங்களன்றும் திறக்காமலே போகலாம். சனிக்கிழமையே சாப்பாடு வாங்கி வைக்காதவர் பட்டினியோடு மிதிக்க வேண்டும்.

இன்னும் கனமான மறுப்பு, அந்த ஊர்க்காரர்களிடமிருந்தே வரக்கூடியது. எங்கள் ரயிலைப் பிடுங்கிவிட்டு, கோடையில் வரும் வெளியூர்க்காரர்கள் உலாவ வழி போட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போக நாங்கள் கார் வாங்கியாக வேண்டும். இந்தக் குறை நியாயமானது. எந்தப் பசுமைப் பாதையும் மூடிய ரயிலுக்கு ஈடாகாது. சைக்கிள் பயணிகளால் ஊருக்கு டாக்டரோ பள்ளிக்கூடமோ வந்துவிடாது. ஆனால் ரயிலை மூடியது சைக்கிள் அல்ல. மூடிய பிறகு வழியைப் பொதுச் சொத்தாகக் காப்பது, ஒருநாள் ரயில் திரும்பி வரவும் வாய்ப்பை விட்டுவைக்கிறது. தனியாரிடம் போன நிலத்தில் அந்த வாய்ப்பும் இல்லை. தவிர, கார்க்காரர் ஒரு மணி நேரத்தில் பத்து ஊர்களைத் தாண்டிவிடுகிறார். சைக்கிளில் வருகிறவருக்கு நடுப்பகலில் பசிக்கும், மாலையில் படுக்க இடம் வேண்டும். காசு சிறு ஊரிலேயே விழுகிறது. இதை மனத்தில் வைத்துத்தான், சைக்கிள் வழியிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருந்து, வண்டியைப் பூட்டி வைக்க இடமும் பழுதுபார்க்கக் கருவிகளும் தரும் விடுதிகளுக்கு ‘அக்கேய் வெலோ’ என்ற முத்திரை வழங்குகிறார்கள்.

இதெல்லாம் உடல்பலமும் பணமும் உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்பவர்களும் உண்டு. வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய போல் த விவி (1853–1930), சேந்த் எத்தியேன் நகரிலிருந்து பத்திரிகை நடத்தி, பந்தயம் வேறு, பயணம் வேறு என்று வாதாடினார். சாதாரண மனிதர் மலை ஏற கியர் வேண்டும் என்று விதவிதமாகச் செய்து பார்த்தார். ஓட்டும்போதே சங்கிலியை இடம் மாற்றும் அந்தக் கியரை டூர் தெ பிரான்ஸ் 1937 வரை அனுமதிக்கவில்லை என்பதிலிருந்தே இரண்டு நோக்கும் எவ்வளவு விலகியவை என்று தெரியும். 1936-இல் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை தந்தபோது, கார் இல்லாத ஆயிரக்கணக்கானோர் சைக்கிளில்தான் ஊர் சுற்றக் கிளம்பினார்கள். பாதுகாப்பு பற்றிய அச்சம் இதைவிட நியாயமானது. ஊருக்கு வெளியே சைக்கிளைக் கடக்கும் வண்டி ஒன்றரை மீட்டர் விலகிப் போக வேண்டும் என்பது அங்கே சட்டம். 2018-இல் தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. பிறகு பல மாவட்டங்கள் சில சாலைகளில் மறுபடி 90 ஆக்கிவிட்டன. ஆபத்து முழுதாக நீங்கவில்லை. வழியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும்.

அந்தத் தேர்வை எளிதாக்கியது 1998-இல் ஏற்கப்பட்ட தேசிய சைக்கிள் வழித் திட்டம். இன்று லுவார் ஆற்றோரம் கடல் வரை சுமார் 900 கிலோமீட்டரும், ஜெனீவா ஏரியிலிருந்து மத்தியதரைக் கடல் வரை ரோன் ஆற்றோரம் 800 கிலோமீட்டருக்கு மேலும் பலகை பார்த்தே போகலாம். இந்த நீண்ட வழிகளில் புதிதாகப் போட்டது குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். வெள்ளத்தடுப்புக் கரை, குதிரை நடந்த கரை, ரயில் மேடு, ஊர்ச் சாலை ஆகியவற்றை ஒட்டவைத்து, பெயரும் பலகையும் கொடுத்ததுதான் வேலையின் பெரும்பங்கு. அதற்கான செலவு சிறிது. அதைச் சாத்தியமாக்கிய பழைய சொத்தோ மதிப்பிட முடியாதது. பயன் தீர்ந்துவிட்டதாகத் தோன்றும் வழியை விற்பதா, வைத்திருப்பதா என்று முடிவெடுக்கிறவர்களுக்கு அடுத்த பயன் எது என்று அப்போது தெரிந்திருக்காது. 1669-இல் ஆணை எழுதியவருக்குச் சைக்கிள் என்ற ஒன்று வரும் என்றே தெரியாது. வழியை வழியாகவே வைத்திருக்க அந்தப் பயன் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு பிரான்சின் கிராமப்புறம் போதிய சான்று.