அரையும் காலும் முக்கால்

ஜெராக்ஸ் இயந்திரங்களில் 71%, 141% என்று இரண்டு அளவுகளைப் பார்த்திருப்பீர்கள். ஏ3 தாளில் இருப்பதை ஏ4-க்குச் சுருக்க முதலாவது. ஏ4-ஐ ஏ3-க்குப் பெரிதாக்க இரண்டாவது. சில்லறை இல்லாமல் 70, 140 என்று வைத்தால் என்ன? வைத்தால் அவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது. 141 என்பது √2-ஐ வெட்டிக் குறுக்கியது. 71 அதன் தலைகீழ்.

ஏ வரிசைத் தாள்களின் நீளம், அகலத்தைப்போல √2 மடங்கு. அப்படி இருந்தால்தான் தாளை நடுவில் மடித்தாலும் அதே வடிவம் கிடைக்கும். ஜெர்மானிய இயற்பியலாளர் லிக்டன்பர்க் 1786-லேயே ஒரு கடிதத்தில் இதை எழுதியிருக்கிறார். ஜெர்மனி தாள் அளவுகளுக்குத் தரநிலையாக இதை ஏற்றது 1922-இல்.

ஒரு படத்தை ஒருமுறை பெரிதாக்கினால் √2 மடங்கு. பத்து முறை? √2-ஐப் பத்து தடவை எழுதிப் பெருக்க வேண்டும். 1.41 என்று வைத்துக்கொண்டு கால்குலேட்டரைத் தட்டினால் 31.06 வரும். சரியான விடை 32. கால்குலேட்டர் பிழை செய்யவில்லை. நாம் வெட்டிய வால்தான் பத்து முறை பெருகி வந்து நிற்கிறது.

வாலை வெட்டாமலும் வேலையைச் சுருக்கலாம். அடிமானம் ஒன்றாக இருந்தால் பெருக்கலில் அடுக்குகள் கூடும் என்பது பள்ளிப் பாடம்: 2³ × 2⁴ = 2⁷. சரி, √2-க்கு என்ன அடுக்கு? √2-ஐ √2-ஆல் பெருக்கினால் 2, அதாவது 2¹. தன்னோடு தன்னைக் கூட்டினால் 1 ஆகும் எண் அரைதானே! ஆக √2 என்பது 2-இன் அரை அடுக்கு. பத்து அரை ஐந்து; 2⁵ = 32. முடிந்தது.

இதேபோல நான்காம் மூலம் கால் அடுக்கு. √2-ஐயும் 2-இன் நான்காம் மூலத்தையும் பெருக்கச் சொன்னால் பலருக்குக் கை நின்றுவிடும். இரண்டும் வேறு வேறு மூலக்குறிகள். அரையும் காலும் முக்கால் என்று காய்கறிக் கடையில் யோசிக்காமல் சொல்பவருக்கு இது ஒரு கணக்கே இல்லை. பின்ன அடுக்குகளைப் பிரான்சின் நிக்கோல் ஒரேம் 14-ஆம் நூற்றாண்டிலேயே கையாண்டார். √ குறி அச்சில் வந்ததோ 1525-இல். பிந்தி வந்ததைத்தான் நாம் முந்திப் படிக்கிறோம். பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

ஒரு எச்சரிக்கை. √2 × √3-இல் அடுக்குகளைக் கூட்டக் கூடாது, அடிமானம் வேறு. அங்கே அடுக்கு அரையாகவே இருக்கும், உள்ளே இருப்பவை பெருகி √6 ஆகும். √8 × √2 அப்படியில்லை. 8 என்பது 2³ என்பதால் √8-இன் அடுக்கு ஒன்றரை. ஒன்றரையும் அரையும் இரண்டு, விடை 4. மூலக்குறிக்குள் குறை எண் இருந்தால் இந்த விதிகளை அப்படியே நம்பக் கூடாது.

மறுபடி தாளுக்கு வருவோம். ஏ0 தாளின் பரப்பு 1 சதுர மீட்டர், அதாவது 2-இன் சுழி அடுக்கு. நீளம், அகலம் இரண்டின் அடுக்குகளைக் கூட்டினால் சுழி வர வேண்டும். கழித்தால் அரை வர வேண்டும். அப்படியானால் நீளம் கால், அகலம் கழித்தல் கால். மீட்டரில் 1.189, 0.841. ஒவ்வொரு மடிப்புக்கும் இரண்டிலும் அரை அரை குறையும். நான்கு மடிப்பில் ஏ4: நீளத்தின் அடுக்கு கழித்தல் ஒன்றேமுக்கால், அகலத்தின் அடுக்கு கழித்தல் இரண்டேகால். கணக்கிட்டால் 297 மி.மீ., 210 மி.மீ. ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள்.

பரப்புக்கு அந்த இரண்டு அடுக்குகளையும் கூட்டினால் போதும்: கழித்தல் நான்கு, அதாவது பதினாறில் ஒரு பங்கு சதுர மீட்டர். கடையில் கிடைக்கும் 80 ஜிஎஸ்எம் தாள் சதுர மீட்டருக்கு 80 கிராம். அதில் ஒரு ஏ4 தாள் 5 கிராம்; 500 தாள் கட்டு இரண்டரைக் கிலோ.